சங்கு பொறித்த தலைகள்

சென்ற மாதம் நீலசந்திராவில் நண்பர் ஒருவர் இல்லத்தில் பழைய தகரப்பெட்டி திறக்கப்பட்டது. அவர் பாட்டனாருக்கு நாகர்கோவிலில் வந்த சர்க்கார்க் கடிதங்கள் உள்ளே இருந்தன. வீட்டுச் சிறுவன் தபால் தலைகளைக் கத்தரித்துக்கொண்டு, உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டான்!

தலைகளில் இருந்தது சங்கு. திருவிதாங்கூரின் அரசுச் சின்னம். 1956இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாகர்கோவில் மலையாள நாட்டோடு இருந்ததன்றோ? 1888இல் வெளிவந்த முதல் தலைகளிலேயே சங்குதான். 1911 முதல், அரசாங்கக் கடிதங்களுக்கென அதன்மீது ‘ஆன் எஸ் எஸ்’ என்று மேலச்சிட்டனர். ‘சர்க்கார் ஊழியத்தின் பொருட்டு’ என்பது கருத்து. விலையோ காசிலும் சக்கரத்திலும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 1949இல் கொச்சியுடன் இணைந்தபின், சங்குக்குப் பின்வந்த தலைகளில் சக்கரத்தின்மேல் அணாவை அச்சிட்டனர். இரண்டு சக்கரத் தலை ஓரணாவாயிற்று.

மைசூர் தனக்கெனத் தபால் தலை வெளியிட்டதில்லை. ஆயினும் இங்குள்ள கன்னடப் பலகையின் ‘அஞ்செ’யும் திருவிதாங்கூரார் வழங்கிய ‘அஞ்ச’லும் ஒரே குடும்பச் சொற்களே.

கத்தரித்த தலையில் சங்கு உண்டு. அஞ்சல் முத்திரையின் ஊரும் நாளும் உறையோடு போயின. தென் திருவிதாங்கூர் உறவுடையோர் பெட்டிகளைப் பாருங்கள். உறையை நீரில் நனைக்காதீர்கள். அந்த வீட்டில் இன்னும் மூன்று உறைகள் மிச்சம். கத்தரியை வாங்கி வைத்துவிட்டோம்.