பெட்டிக்குள் இருப்பது பழமா, சீனித் தண்ணியா?

சம்பளம், வேலைநாள், ஊழியர் சேமலாப நிதி, வீட்டுக் காணி என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இம்முறை பழச்சாற்றைப் பற்றி எழுதுவது தோழர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் சம்பளத்துக்காகப் போராடுகிறவர்கள் அந்தச் சம்பளம் கடையில் என்னவாக மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024இல் அது 1350 ரூபாவானது. அதில் கூடிய ஒவ்வொரு ரூபாவுக்குப் பின்னாலும் எத்தனை பெரட்டு, எத்தனை மறியல், எத்தனை பேச்சுவார்த்தை இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பெற்ற ரூபா சத்தாக வீட்டுக்குள் வருகிறதா, சீனித் தண்ணியாக வருகிறதா என்பதும் தொழிற்சங்கம் பேச வேண்டிய விடயமே.

இந்தக் கேள்வி வவுணதீவுப் பக்கத்திலிருந்து வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கு வெயிலில் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதை மலைநாட்டுக் குளிரில் வேலை செய்யும் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மரமுந்திரித் தோட்டத்திலும் தென்னந்தோட்டத்திலும் நாட்கூலிக்குப் போகும் எமது அங்கத்தவர்களும் அவர்களது குடும்பத்தவரும் எம்மிடம் கேட்டது மிக எளிமையானது. "பிள்ளைகள் பெட்டி ஜூஸ் கேட்கிறார்கள். நோயாளியைப் பார்க்கப் போனாலும் அதைத்தான் வாங்கிப் போகிறோம். கொடுக்கிற காசுக்கு அதில் சத்து இருக்கிறதா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?"

வாங்காதீர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது நேர்மையான பதில் ஆகாது. உழைக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் இனிப்பான ஒன்றைக் குடிக்க ஆசை வரும். அதில் தவறு எதுவும் இல்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

முதலில் பெயர்களைப் பிரித்தறிவோம். கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ரின், பெட்டி, போத்தல் எல்லாவற்றிலும் பழத்தின் படம் இருக்கும். உள்ளே இருப்பதோ வேறு வேறு. "100 சதவீதப் பழச்சாறு" என்றால் முழுவதும் சாறு. "நெக்டர்" என்றால் பழச்சாற்றுடன் அல்லது பழக்கூழுடன் தண்ணீரும் பெரும்பாலும் சீனியும் சேர்ந்தது. சர்வதேச உணவுத் தரநிலையின்படி நெக்டரில் இருக்க வேண்டிய ஆகக் குறைந்த பழ அளவு மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் 25 சதவீதம், அன்னாசிக்கு 40 சதவீதம், தோடைக்கு 50 சதவீதம். "பழப் பானம்", "பழச்சுவைப் பானம்" என்று எழுதியிருந்தால் பழம் அதைவிடவும் குறைவாக இருக்கலாம். வெறும் வாசனையும் நிறமுமாகவும் இருக்கலாம். தண்ணீர் கலந்து குடிக்கும் கோடியலில் முதன்மையாக இருப்பது சீனி. தூளைக் கரைத்துக் குடிப்பதைப் பழச்சாறு என்று சொல்வதற்கே இடமில்லை.

பொருட்களின் பட்டியல் பொடி எழுத்தில், பல வேளைகளில் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எது அதிகமாகச் சேர்க்கப்பட்டதோ அது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதலில் தண்ணீர், இரண்டாவது சீனி, மூன்றாவதாகத்தான் பழம் என்றிருந்தால், நாம் வாங்குவது பழம் தொட்ட சீனித் தண்ணி.

வாசிக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2016 ஓகஸ்ட் மாதம் முதல் இலங்கையில் பானங்களின் சீனி அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்ற ஒழுங்குவிதி நடைமுறையில் உள்ளது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு அடையாளமுள்ள 200 மில்லிலீற்றர் பெட்டி ஒன்றைப் பிள்ளை குடித்தால் 22 கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று பார்த்தால் ஐந்து கரண்டிக்கு மேல். பிளேன்ரீக்கு ஐந்து கரண்டி சீனி போட்டுப் பிள்ளைக்கு யாராவது கொடுப்போமா?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாக இவ்வகைச் சீனியை உட்கொள்ள வேண்டும். 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. பிள்ளைக்கு இதைவிடக் குறைவு. பழச்சாற்றில் இயற்கையாக உள்ள இனிப்பும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும். "சீனி சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய தோடஞ்சாற்றிலும் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் வரை பழத்தின் சொந்தச் சீனி உண்டு. பழத்தைக் கடித்துத் தின்னும்போது நார்ச்சத்து அந்தச் சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது, வயிறும் நிறைகிறது. சாறாக்கும்போது நாரில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. சீனி வியாதி உள்ளவர்கள் "இது பழம்தானே" என்று பெட்டி ஜூஸ் குடிப்பது ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுவே.

இனி விலைக் கணக்கு. பெட்டியின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணக்கூடாது. இரண்டு கணக்குப் போட வேண்டும்.

முதற்கணக்கு, 100 மில்லிலீற்றருக்கு என்ன விலை என்பது. உதாரணமாக 200 மில்லிலீற்றர் பெட்டி 150 ரூபா என்றால் 100 மில்லிலீற்றர் 75 ரூபா. அதே பானம் ஒரு லீற்றர் 550 ரூபா என்றால் 100 மில்லிலீற்றர் 55 ரூபா. பெரியது மலிவு. ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் திறந்த பெரிய பெட்டி கெட்டுப்போகும். அதை அன்றே குடித்து முடிக்க ஆள் இருந்தால்தான் அது மலிவு. இல்லையென்றால் சிறியதே இலாபம்.

இரண்டாவது கணக்கைப் பலர் போடுவதில்லை. உள்ளே இருக்கும் பழத்துக்கு என்ன விலை? ஒரு லீற்றர் நெக்டர் 500 ரூபா, அதில் பழம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பழம் 250 மில்லிலீற்றர்தான். அப்படியானால் 100 மில்லிலீற்றர் பழத்துக்கு 200 ரூபா கொடுக்கிறோம். இன்னொரு பெட்டி முழுச் சாறு, ஒரு லீற்றர் 1000 ரூபா என்றால் 100 மில்லிலீற்றருக்கு 100 ரூபா. பார்வைக்குப் பாதி விலையில் நின்ற பெட்டி, பழக் கணக்கில் இரு மடங்கு விலை. இவை உதாரணத்துக்காக எடுத்த விலைகள். உங்கள் கடை விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டையும் தோற்கடிக்கும் மூன்றாவது பொருள் ஒன்று வேலியோரம் நிற்கிறது. நன்கு பழுத்த கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சீ உண்டு. தோடம்பழத்தில் 50 மில்லிகிராம் அளவு, பப்பாசிப்பழத்தில் 60 மில்லிகிராம் அளவு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் கணித்துள்ளன. அரைக் கொய்யாப்பழம் போதும். பெட்டியில் அடைத்த சாற்றிலோ இந்த விற்றமின் சூட்டிலும் நாட்படவும் குறைந்துகொண்டே போகும். பல கம்பனிகள் அதைப் பின்னர் தனியாகச் சேர்க்கின்றன.

விற்றமின் சீ எமது மக்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை நீண்டகாலத் துயரம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டோடு விற்றமின் சீ சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள பொருட்கள் இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். கொழுந்து பறிப்பவரின் இரத்தத்தை அவர் பறித்த தேயிலையே குறைக்கலாமா? சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் திரிபோஷா இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பெட்டி ஜூஸும் அதற்கு ஈடாகாது.

தாகத்துக்கு எது நல்லது? வெயிலில் வேலை செய்பவருக்கு முதலில் தண்ணீர்தான். பிறகு உப்பிட்ட மோர், கஞ்சி, உப்பும் சிறிது சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர். தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பில் மோருக்குப் பஞ்சமில்லை. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜூஸ் கொடுப்பது வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பைக்கற் ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள். குணமாகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தப் பழச்சாறும் வேண்டாம். சிறுநீரக நோயாளர் இளநீரையும் பழச்சாற்றையும் வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

அப்படியும் வாங்க நேர்ந்தால் இவற்றைப் பாருங்கள். சிவப்பு அடையாளத்தைத் தவிருங்கள். பழ சதவீதம் எழுதாத பெட்டியை வைத்துவிடுங்கள். வீங்கிய ரின்னையும், நசுங்கித் துருப்பிடித்த ரின்னையும் அரை விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். திறந்த ரின்னிலேயே மிச்சத்தை வைக்காமல் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். காலாவதித் திகதியையும் அச்சிட்ட விலையையும் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். காலாவதியான பொருளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டலாம். நகரத்தில் விற்க முடியாததைத் தோட்டப்புறக் கடைக்கும் வாவிக்கு அக்கரைக் கடைக்கும் தள்ளிவிட எவருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

இதுவரை சொன்னது வீட்டில் செய்யக்கூடியது. ஆனால் எல்லாவற்றையும் ஏழைத் தாயின் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள நாம் தயாரில்லை. கொய்யா நடுங்கள் என்று லயத்தில் குடியிருப்பவரிடம் சொன்னால், எங்கே நடுவது என்று அவர் திருப்பிக் கேட்பார். 7 பேர்ச்சஸ் காணி என்பது வீட்டுக்கு மட்டுமல்ல, ஒரு கொய்யாவுக்கும் ஒரு தேசிக்கும் இரண்டு பப்பாசிக்கும் இடம் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைத்தளத்தில் சுத்தமான குடிதண்ணீர் தருவது நிர்வாகத்தின் கடமை. தண்ணீர் இல்லாத இடத்தில்தான் தொழிலாளி போத்தலுக்குக் காசு கொடுக்கிறார்.

படுவான்கரைக்கு இன்னொரு கோரிக்கையும் உண்டு. மரமுந்திரிக் காலத்தில் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். குவியல் குவியலாக அது அழுகிப் போகிறது. அந்தப் பழத்தில் தோடம்பழத்தைப்போல் பல மடங்கு விற்றமின் சீ உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் அதே பழத்தின் சாற்றைப் போத்தலில் அடைத்துக் கடைகளில் விற்கிறார்கள். தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பைக் கஞ்சித் தண்ணீர் சேர்த்துத் தெளியவைத்து நீக்கலாம். கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஓடு உடையாமல் கொட்டையைப் பிரித்தபின் பழத்தை நன்றாகக் கழுவ வேண்டும்.

எம்.டி. என்று நாமெல்லாம் அறிந்த ஜாம், கோடியல் பெயர், ஒரு காலத்தில் அரசின் சந்தைப்படுத்தல் திணைக்களத்தைக் குறித்த இரண்டு எழுத்துகள்தான். பழத்தைப் பதப்படுத்தி விற்பது அரசு செய்யக்கூடிய வேலை என்பதை இந்த நாடு முன்பே கண்டிருக்கிறது. வவுணதீவில் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொறுப்பில் சிறிய பழச்சாற்று நிலையம் ஒன்று அமைந்தால், அழுகும் பழத்துக்கு விலை வரும். கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு இன்னொரு நாட்சம்பளம் வரும். பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிந்த பழத்தின் சாறு கிடைக்கும். பிரதேச செயலகத்துக்கும் விவசாயத் திணைக்களத்துக்கும் இக்கோரிக்கையை எழுத்தில் கொண்டுசெல்ல வவுணதீவுத் தோழர்கள் முன்வர வேண்டும். சங்கம் அவர்களோடு நிற்கும்.

அடுத்த சம்பளநாளில் கடைக்குப் போகும்போது, பெட்டியின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தபின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எமது உழைப்புக்குச் சரியான விலை கேட்கிறோம். அந்த உழைப்பில் வாங்கும் பொருளுக்கும் சரியான பெறுமதி கேட்போம்.