மெட்ராஸ் சென்னை ஆயிடுச்சு... ஏர்போர்ட் கோட் மட்டும் ஏன் மாறல?

சென்னையில் இறங்கி பெட்டிக்காகக் காத்திருக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் டேக்கைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 'எம்ஏஏ' என்று இருக்கும். அது மெட்ராஸ். 1996-ல் ஊர் பெயர் மாறியது, விமான நிலையத்தின் குறியீடு மாறவில்லை. மும்பையும் இன்னும் 'பிஓஎம்'தான், அதாவது பாம்பே.

பெயரை மாற்றிய அரசால் இதை ஏன் மாற்ற முடியவில்லை? ஏனென்றால் இது அரசு கொடுத்ததே இல்லை. விமான நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஐஏடிஏ என்ற சர்வதேச சங்கம் கொடுப்பது. டிக்கெட் புக்கிங், லக்கேஜ் எல்லாம் இந்த மூன்றெழுத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஒன்றை மாற்றினால் உலகம் முழுக்க மாற்ற வேண்டும். அதனால் ஐஏடிஏ-வின் 763-வது தீர்மானப்படி குறியீடு நிரந்தரம். விமானப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணம் இருந்தால்தான் மாற்றுவார்கள்.

கயா கேட்டும் கிடைக்கவில்லை

பீகாரின் கயா விமான நிலையத்துக்குக் குறியீடு 'ஜிஏஒய்'. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'கே'. புனித நகரத்துக்கு இது பொருத்தமில்லை, 'ஒய்ஏஜி' என்பது போல மாற்றலாம் என்று 2022-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அது தன்பாலின ஈர்ப்பாளர்களைக் குறிக்கும் சொல், வசைச்சொல் இல்லையே, இதில் சங்கடப்பட என்ன இருக்கிறது என்று கேட்பதும் நியாயம்தான். எப்படியோ, 763-வது தீர்மானத்தைக் காட்டி ஐஏடிஏ மறுத்துவிட்டது. 2025-ல் மாநிலங்களவையில் மறுபடி கேட்டபோதும் மத்திய அரசு சொன்னது இதே பதில்தான். இதில் இன்னொரு வேடிக்கை: 'ஒய்ஏஜி' ஏற்கெனவே கனடாவில் ஒரு சின்ன விமான நிலையத்திடம் இருக்கிறது.

மூன்றெழுத்தில் மொத்தம் 17,576 சேர்க்கைகள்தான் வரும். நல்ல சேர்க்கைகளை மற்ற ஊர்கள் முன்பே எடுத்துக்கொண்டன. மதுரைக்கு 'எம்ஏடி' பொருந்தும், ஆனால் அது ஸ்பெயினின் மாட்ரிட். நம்ம மதுரை 'ஐஎக்ஸ்எம்'. சண்டிகர், ராஞ்சி, போர்ட் பிளேயர் எல்லாமே இப்படி 'ஐஎக்ஸ்' என்றுதான் தொடங்கும்.

விமானிகள் பயன்படுத்துவது வேறு, நான்கெழுத்துக் குறியீடு. இதைப் பார்த்துக்கொள்வது ஐ.நா.வின் ஐசிஏஓ அமைப்பு. சென்னைக்கு 'விஓஎம்எம்'. முதல் இரண்டு எழுத்து தென்னிந்தியாவைக் காட்டும், இலங்கை என்றால் 'விசி'.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2008-ல் பெங்களூருவில் தெரிந்தது. தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்ததும், பழைய ஹெச்ஏஎல் நிலையத்திடம் இருந்த 'பிஎல்ஆர்' அங்கே போய்விட்டது. நான்கெழுத்தில் மட்டும் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு.

டிக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

கோவா போறீங்கன்னா இது முக்கியம். அங்கே 2023 ஜனவரியிலிருந்து இரண்டு விமான நிலையங்கள் இயங்குகின்றன. 'ஜிஓஐ' என்றால் பழைய டபோலிம். 'ஜிஓஎக்ஸ்' என்றால் வடக்கு எல்லை அருகே இருக்கும் மோப்பா. மாறிப் போனால் டாக்ஸியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஃபிளைட் கிடைப்பது சந்தேகம். மும்பைக்கும் இப்போது 'பிஓஎம்' தவிர நவி மும்பையின் 'என்எம்ஐ' வந்துவிட்டது.

ஊர் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர், மலிவாக டிக்கெட் கிடைத்ததே என்று ஏறி, கடும் குளிரில் கனடாவின் சிட்னியில் போய் இறங்கினார். ஆஸ்திரேலியாவுக்கு 'எஸ்ஒய்டி', கனடாவுக்கு 'ஒய்கியூஒய்'. டிக்கெட்டில் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

பரந்தூர் விமான நிலையம் வந்தால் சென்னைக்காரர்களும் இப்படிப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்பதுதான் இப்போதைய திட்டம். அப்படியென்றால் 'எம்ஏஏ' இங்கேயே இருக்கும், பரந்தூருக்குப் புதிதாக மூன்றெழுத்து தேட வேண்டும்.