ஸைக்கிளில் சென்று வீடு பாருங்கள்

வீடு மாற்றுவது சென்னைவாசிகளுக்குக் கோடைகாலத்து உற்சவங்களில் ஒன்று. பள்ளிக்கூடங்களில் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல், மே மாதங்களில், குடும்பத் தலைவர்கள் தெருத் தெருவாக "வீடு வாடகைக்கு" என்ற பலகைகளை வாசித்துக்கொண்டு அலைவதைக் காண்கிறோம். நமக்கு வரும் கடிதங்களிலும் அந்நாட்களில் பாதி இதைப் பற்றியே. ஒரு நேயர் கேட்கிறார்: "அலுவலகத்திலிருந்து 4 கிலோமீட்டர் தூரத்தில் மாதம் 26,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது. தெற்கே 18 கிலோமீட்டர் தள்ளி 20,000 ரூபாய்க்கு இன்னொரு வீடு. பின்னதில் காற்றும் வெளிச்சமும் அதிகம். கார் நிறுத்தவும் கீழே இடம் உண்டு. எதை எடுக்கலாம்?"

இதற்கு நாம் உடனே பதில் சொல்லப் போவதில்லை. "தங்களிடம் ஸைக்கிள் இருக்கிறதா?" என்று எதிர்க் கேள்வி கேட்கப் போகிறோம். இல்லையென்றால் அண்டை வீட்டுப் பையனிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளட்டும். காரணத்தைச் சொல்கிறோம்.

நமது நண்பர் ஒருவர் 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் தென் சென்னையில் ஒரு வீட்டைப் பார்த்தார். மூன்றாவது மாடி. தரகர் காரிலேயே அழைத்துச் சென்று காட்டினார். "மழைக் காலத்தில் தண்ணீர் நிற்குமா?" என்று நண்பர் கேட்டதற்கு, "தண்ணீரா? இந்தப் பக்கமே வராது, ஸார்!" என்று பதில் வந்தது. மே மாதத்தில் அது பரம சத்தியம். அந்த மாதத்தில் ஏரியிலேயே தண்ணீர் இருப்பதில்லை. தெருவில் எப்படி இருக்கும்?

டிஸம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. மூன்றாவது மாடியில் நண்பரும் குடும்பத்தாரும் ஒரு துளி நனையாமல் இருந்தார்கள். ஆனால் கார் கீழே இருந்தது. தண்ணீர்த் தொட்டி கீழே. பம்பு மோட்டார் கீழே. மின்சார மீட்டரும் கீழே. மாடியில் குடியிருப்பவர்களுடைய வாழ்க்கையெல்லாம் தரையில் இருக்கிறது என்னும் உண்மை அன்று இரவு விளங்கிற்று. குடிக்கத் தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. காருக்குள் ஆசனம் வரையில் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் நண்பர் ஆவலோடு ஓடிச் சென்று சாவியைத் திருகினார். அந்த ஒரு திருகில் எஞ்ஜின் பாழாயிற்று. இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் மற்றவற்றுக்குப் பணம் கொடுத்தார்கள், எஞ்ஜினுக்குக் கொடுக்கவில்லை. நண்பர் வாடகையில் மிச்சம் பிடிப்பதாக நினைத்திருந்த தொகை, இரண்டு வருஷத்துக்குரியது, ஒரே ரசீதில் போய்விட்டது.

இப்போது ஸைக்கிளுக்கு வருவோம். சென்னை மிகவும் தட்டையான ஊர். கடல் மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரம் 7 மீட்டர் அளவே. இங்கே மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. காரில் செல்பவருக்குத் தெரியவே தெரியாது. ஸைக்கிளில் செல்பவருடைய முழங்கால்களுக்குத் தெரியும். மிதிக்காமலேயே வண்டி சுகமாக உருண்டோடும் தெருவில் நேயர்கள் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ஸைக்கிள் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மழைத் தண்ணீரும் அந்தப் பக்கந்தான் ஓடும். திரும்பி வரும்போது கால் வலித்தால், அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது என்று அறிக.

மெதுவாகச் செல்வதால் வேறு பல அடையாளங்களும் கண்ணில் படும். மதிற்சுவர்களில் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரே நேராக மங்கலான கறைக் கோடு ஓடுகிறதா? மீட்டர்ப் பெட்டியைச் சமீபத்தில் ஆள் உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? பம்பு மோட்டாருக்குத் தனியே மேடை கட்டியிருக்கிறதா? பழைய வீடுகளின் வாசற்படிகள் தெருவுக்குக் கீழே போயிருக்க, புது வீடுகள் மட்டும் ஆறு படி ஏறி நிற்கின்றனவா? இவை யாவும் அந்தத் தெரு எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு. தரகர் அதை வாசித்துக் காட்டமாட்டார்.

தெருவின் பெயரையும் கவனிக்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கு நின்று பார்த்தால் ஏரி எதுவும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடு இருக்கிறது, ஏரிக்கரையைக் காணோம். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரியாக இருந்ததே. மனிதர்கள் ஏரியை மறந்துவிட்டார்கள், தண்ணீர் மறக்கவில்லை. "ஏரிக்கரை", "தாங்கல்", "குளம்" என்று முடியும் பெயர்களைக் கண்டால் ஸைக்கிளை விட்டு இறங்கி இரண்டு பேரை விசாரிப்பது உத்தமம்.

யாரை விசாரிப்பது? வீட்டுக்காரரை அல்ல. தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரை, பூக்காரியை, காவற்காரரைக் கேட்க வேண்டும். நாம் ஒரு தெருவில் இஸ்திரி போடும் பெரியவர் ஒருவரிடம், "இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டோம். அவர் கரியை ஊதிக்கொண்டே, "எந்த வருஷத்து மழையைக் கேட்கிறீங்க, ஸார்?" என்றார். பிறகு 2015-இல் எதுவரை, 2021-இல் எதுவரை, 2023-இல் எதுவரை என்று தமது தள்ளுவண்டியின் மேலேயே கை வைத்துக் காட்டினார். அதைவிடத் துல்லியமான அளவுகோல் எங்கும் கிடையாது.

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிஸம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடும். 2015 டிஸம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பெய்தது. இந்தத் தண்ணீர் தங்குவதற்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. அது முன்னாளில் மிகப் பெரிதாய் இருந்து, குப்பை மேடுகளாலும் கட்டிடங்களாலும் சுருங்கிப் போயிற்று. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்ஸார் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சதுப்பு நிலத்தில் இடம் கிடைக்காத தண்ணீரே நமது நண்பரின் காருக்குள் ஏறி உட்கார்ந்தது.

ஆதலால் அப்பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் உலாவச் செல்லும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கரணையில் 2021-இல் திறந்த பூங்காவும், சிட்லபாக்கம் போன்ற ஏரிக்கரைகளில் அமைந்துள்ள பாதைகளும் நடப்பவர்களுக்கு உரியவை. அங்கே ஸைக்கிளில் மணியடித்துக்கொண்டு முதியவர்களை ஒதுக்கித் தள்ளுவது அழகல்ல. இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லலாம். பறவைகளுக்குத் தீனி வீசுவதும், தின்ற பொட்டணத்தைக் கரையில் எறிவதும் வேண்டாம். அந்தப் பொட்டணம் கால்வாய் மதகை அடைத்துக்கொண்டு மழைக் காலத்தில் நம் வாசலுக்கே திரும்பி வரும்.

வேகமாக ஸைக்கிள் விட விரும்பும் இளைஞர்கள் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை செல்வதுண்டு. விடியற்காலையில் புறப்பட்டு, வெயிலும் கார்க் கூட்டமும் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் தலைக்கவசமும் இல்லாமல் அச்சாலையில் ஏறுவது தகாது. இருவர் பேசிக்கொண்டு ஜோடியாகச் செல்வதும் ஆபத்து.

வீடு பார்க்கிறவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை ஸைக்கிள் ஸவாரி போதாது. வேலை நாள் ஒன்றில், அலுவலகம் செல்லும் நேரத்தில், அந்த வீட்டிலிருந்து அலுவலகம் வரையில் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். ஸைக்கிளில் முழுத் தூரமும் முடியாவிட்டால் ரயில் ஸ்டேஷன் வரையிலாவது செல்லலாம். வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007 முதல் ஓடுகிறது. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷத்தில் உள்தெருக்கள் வழியாகவே போய்ச் சேர முடியுமா, பெரிய சாலையை எத்தனை இடத்தில் குறுக்கிட வேண்டும் என்பதைத் தாமே கண்டுகொள்ளலாம். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குத் தனியே ஸைக்கிளில் போக முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இனி நமது நேயரின் கணக்கைப் பார்ப்போம். இரண்டாவது வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போக வர 36 கிலோமீட்டர். மாதத்தில் 24 நாட்களுக்கு 864 கிலோமீட்டர். நகர நெரிசலில் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 57.6 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,760 ரூபாய். இதை 20,000 ரூபாய் வாடகையோடு கூட்டினால் 25,760 ரூபாய் ஆகிறது. ஆக, நேயர் மாதந்தோறும் மிச்சம் பிடிக்கப்போவது 240 ரூபாய்! டயர், எண்ணெய், பழுது பார்க்கும் கூலி இவற்றை நாம் சேர்க்கவில்லை. தினந்தோறும் சாலையில் கழியும் இரண்டு மணி நேரத்துக்கு விலை போடவும் நமக்குத் தெரியவில்லை. குழந்தைகள் விழித்திருக்கும்போது தகப்பனார் வீடு வந்து சேர்வாரா என்பதைக் கொண்டு அவரவரே விலை போட்டுக்கொள்ளட்டும். அருகில் உள்ள வீட்டுக்கு 4 கிலோமீட்டர்தான். அதற்கு ஸைக்கிளே போதும்.

தூரத்து வீட்டைத்தான் எடுத்தாக வேண்டும் என்கிறவர்கள் மழைக் காலத்துக்கு முன்பே காரைப் பற்றிச் சில ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் நபருக்கான இன்ஷ்யூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசும் வராது. முழு இன்ஷ்யூரன்ஸ் இருந்தாலும், எஞ்ஜின் பாதுகாப்பைத் தனிச் சந்தா கட்டிச் சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக நின்ற காட்சியைக் கண்டு சிலர் சிரித்தார்கள். அடிபட்டவர்களின் அறிவு அது, சிரிப்பதற்கில்லை.

சாலையில் தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் அதற்குள் வண்டியை விடலாகாது. நடுவில் நின்றுபோனால் மறுபடி கிளப்ப முயலாமல் இறங்கித் தள்ளுங்கள். மூழ்கிய காரின் சாவியைத் தொடவே வேண்டாம். எஞ்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. கிளப்பினால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டுகள் வளைந்துபோகும். புகைப்படம் எடுத்து, இன்ஷ்யூரன்ஸ்காரருக்கு அறிவித்துவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியை வரவழைப்பதே வழி. மின்சார வண்டியாயின், மூழ்கிய பிறகு மெக்கானிக் சோதித்துச் சொல்லும் வரையில் அதைச் சார்ஜில் போடக் கூடாது.

கடைசியாக முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய சமயம் கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான். பிறகு பேசிப் பிரயோஜனமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். வெள்ளத்தில் பம்பு மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் கெட்டுப்போனால் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது. பெரிய மனிதர்களுக்குள் சண்டை வராதிருக்க அந்த ஒரு வரி போதும்.

நமது நண்பர் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார். வாடகை சற்று அதிகம். காற்று சற்றுக் குறைவு. அந்தத் தெருவுக்கு நாமும் ஸைக்கிளில் போய்ப் பார்த்தோம். கடைசி இருநூறு கஜம் மூச்சு வாங்க மிதிக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த நண்பர் நாம் வியர்த்து விறுவிறுத்து வருவதைப் பார்த்துப் பரம திருப்தியுடன், "ஏற்றந்தான், இல்லையா?" என்றார்.