வரியல்லாத வரி



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் ஓய்வறையில் ஒரே பேச்சுதான்: சேர்த்து வைத்த மைல்களைக் கொண்டு எங்கே பறப்பது? சென்ற வாரம் நண்பர் ஒருவர், "இலவசச் சீட்டுதானே சார்! எரிபொருளுக்கென்று சில நூறு வெள்ளி கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். பாடவேளை மணி அடித்துவிட்டதால் அன்று மறுமொழி கூறவில்லை. இங்கே கூறுகிறேன்.

முதலில், அது இலவசம் அன்று. மளிகைக்கும் மருந்துக்கும் துணைப்பாடத்திற்கும் கடன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஆண்டுக்கணக்கில் நாம் ஈட்டியவை அந்த மைல்கள். விலையைக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த பின்னரும் ஒரு விலை கேட்கிறார்களே, அதுதான் என் வழக்கு.

அதைவிட என்னை உறுத்துவது பெயர். பதிவுத் திரையில் 'வரிகளும் கட்டணங்களும்' என்றொரு தலைப்பு இருக்கும். அதன் கீழ் அரசின் வரி, விமான நிலையச் சேவைக் கட்டணம், இவற்றோடு விமான நிறுவனம் தனக்கென வாங்கும் எரிபொருள் கூடுதல் கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே கூட்டுத்தொகையாக நிற்கும். விவரத்தைத் திறந்து பார்த்தால் கடைசி இனத்திற்கு ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்ற குறியீடு தென்படும். அதில் எந்த அரசுக்கும் ஒரு காசும் போவதில்லை. அரசு விதிப்பது வரி. வணிகர் கேட்பது விலை. கட்டுரையில் மாணவர் இவ்வாறு சொல்லை மாற்றி எழுதினால் நாம் சிவப்பு மையைத் தொடமாட்டோமா?

எண்ணெய் விலை ஏறுகிறது, என்ன செய்வது என்பார்கள். 2008 ஜூலையில் பீப்பாய் 147 அமெரிக்க டாலரைத் தொட்ட எண்ணெய், அவ்வாண்டு டிசம்பரிலேயே 40 டாலருக்குக் கீழ் இறங்கியது. 'எரிபொருள்' என்ற பெயரில் வந்த கட்டணமோ பல நிறுவனங்களில் நிலையான வருமானமாகவே தங்கிவிட்டது. அதன் வரலாறும் தூயதன்று. 2004 ஆகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையே பிரிட்டிஷ் ஏர்வேஸும் விர்ஜின் அட்லாண்டிக்கும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டன. அக்காலத்தில் நெடுந்தூர இருவழிச் சீட்டுக்கான கூடுதல் கட்டணம் 5 பவுண்டிலிருந்து 60 பவுண்டாயிற்று. 2007இல் அமெரிக்க நீதித்துறை பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 300 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. பிரிட்டனிலும் தனி அபராதம். விர்ஜின் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டது! பின்னர் 2012இல், எரிபொருள் என்று பெயரிட்டால் அத்தொகை எரிபொருட் செலவோடு பொருந்த வேண்டும் என அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எச்சரித்தது. நிறுவனங்கள் தொகையைக் குறைக்கவில்லை. பெயரை 'நிறுவனம் விதிக்கும் கட்டணம்' என்று மாற்றிக்கொண்டன. அதே ஆண்டு புள்ளி சேர்த்த பயணிகள் நியூயார்க்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது தொடுத்த கூட்டு வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஜப்பானிய நிறுவனங்கள், சிங்கப்பூர் மண்ணெண்ணெய்ச் சந்தை விலையை அளவுகோலாக வைத்து அட்டவணை வெளியிட்டே வாங்குகின்றன. கசந்தாலும் கணக்குத் தெரிகிறது. நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில், கிரிஸ்ஃபிளையர் மைல்களால் தன் விமானங்களில் பெறும் சீட்டுகளுக்கு இக்கட்டணத்தையே நீக்கியது. கூடவே இணையப் பதிவுக்கு அளித்துவந்த 15 விழுக்காட்டுச் சலுகையையும் நிறுத்தியது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் முணுமுணுக்கவில்லை. எத்தனை மைல் என்று முன்கூட்டியே சொல்லட்டும், எண்ணிக் கொடுக்கிறேன். ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டமும் 2020 நவம்பரில் கூட்டாளி விமானங்கள் உட்பட இக்கட்டணத்தைக் கைவிட்டது. ஆகவே இயலாது என்பது பொய்.

ஒன்றில் நானே ஏமாந்தேன். நீக்கம் சொந்த விமானங்களுக்கு மட்டுமே. அதே மைல்களைக் கொண்டு கூட்டாளியான ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் இடம் பிடிக்கப் போனேன். இறுதித் திரையில் பல நூறு வெள்ளி எழுந்து நின்றது. நாளை மாற்றி, நேர்வழி விமானத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்தேன். கஞ்சத்தனம் என்று வீட்டிலேயே பெயர் வாங்கினேன். வாங்கட்டும், ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுக்க மறுப்பது கஞ்சத்தனமானால் நான் கஞ்சனே.

மெய்யான வரியோடு எனக்குச் சண்டை இல்லை. லண்டனிலிருந்து புறப்படுவோரிடம் பிரிட்டிஷ் அரசு வாங்கும் பயணியர் வரி உண்மையிலேயே வரி. எந்த மைலும் அதைத் தள்ளாது. ஆயினும் 2016 மார்ச்சு முதல், சாதாரண வகுப்பில் பறக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. குடும்பத்தோடு லண்டன் போய்வரும் பெற்றோர், திரும்பும் பயணத்தின் விவரத்தைத் திறந்து, பிள்ளைகளின் பெயருக்கு நேரே அத்தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் செலுத்துங்கள்.