பேண்ட் கலைஞ்சா கரியரும் காலியா?

2013-ல் ஸ்வீடனில் நான்கு டீனேஜ் பசங்களோடு தொடங்கியது 'தி ஃபூ கான்ஸ்பிரசி'. ஒருவர் விலக, பெயர் 'எஃப்ஓ அண்ட் ஓ' என்று சுருங்கியது. 2017-ல் யூரோவிஷனுக்கு ஸ்வீடனின் பாடலைத் தேர்ந்தெடுக்கும் 'மெலோடிஃபெஸ்டிவாலன்' போட்டியில் பாடினார்கள். ஜெயிக்கவில்லை. அதே ஆண்டு பிரிந்தார்கள்.

அவ்ளோதான் கதைன்னு நினைச்சா, தப்பு. மறு ஆண்டே அதே மேடையில் தனியாகப் பாடி இரண்டாம் இடம் பிடித்தார் ஃபெலிக்ஸ் சாண்ட்மேன். 2019-ல் நெட்ஃப்ளிக்ஸின் முதல் ஸ்வீடிஷ் தொடரான 'குவிக்சாண்ட்'டில் நடித்தார். வெனிசுவேலாவில் பிறந்த ஓமர் ருட்பெர்க்? 'யங் ராயல்ஸ்' தொடரில் இளவரசன் காதலிக்கும் சைமன் அவர்தான்!

ஆக, பேண்டை 'ஃபெயிலியர்' என்பது நியாயமில்லை. கேமராவுக்கும் கூட்டத்துக்கும் பயப்படாமல் நிற்க இவர்கள் பழகியது அங்கேதான். ஆனா ஒண்ணு, மறுவாழ்வு கிடைச்சது ஆட்களுக்கு, பேண்டுக்கு இல்ல. அந்தப் பழைய பாட்டுகளை இன்று தேடிப் போகிறவர்களில் பலர், சைமனைப் பார்த்துட்டு வந்தவங்களாத்தான் இருப்பாங்க.