கோபாலன் எடுத்த முடிவு

போன வாரம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பஞ்சாயத்து. பதிமூணு வயசு மகனுக்கு ஹாக்கியும் பிடிக்கும், கிரிக்கெட்டும் பிடிக்கும். ரெண்டு கோச்சும் "ஒண்ணை விடு" என்கிறார்கள். "நீங்களே சொல்லுங்கப்பா" என்று என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு எம்.ஜே. கோபாலன் ஞாபகம் வந்தார். அப்பா சொன்ன சேப்பாக்கம் கதைகளில் எல்லாம் அவர் இருப்பார்.

கோபாலன் மதராஸின் வேகப்பந்து வீச்சாளர். அவர் திறமையைக் கண்டுகொண்டு, பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கித் தந்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூரை எதிர்த்து ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் இவர்தான். 1935-ல் தியான்சந்த்கூட நியூசிலாந்து போன இந்திய ஹாக்கி அணியிலும் இருந்தார்.

1936-ல் வந்தது சிக்கல். ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்டில்கூட இடம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட்.

சின்ன வயசில் இதைக் கேட்டு, "தப்பு பண்ணிட்டாரே!" என்று கோபப்படுவேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர் மட்டையைத் தூக்கிப் போடவில்லை. 1950-களின் தொடக்கம் வரை மதராஸுக்கு ஆடினார். பிறகு இந்திய அணியின் தேர்வாளர் ஆனார். மதராஸும் இலங்கையும் மோதிய ஆட்டத்துக்கு அவர் பெயரிலேயே கோப்பை வைத்தார்கள். பதினோரு பேர் பட்டியலில் தன் பெயர் இல்லாமல் வெளியே உட்கார்ந்தவர், பின்னாளில் மற்றவர்கள் பெயரை எழுதும் இடத்துக்கு வந்தார்.

மகன் கேட்டான்: "அப்போ அவர் ஹாக்கிக்குப் போயிருக்கணுமா?"

"தங்கம் கிடைச்சது நமக்குத் தெரியும். முடிவு எடுக்கும்போது அவருக்குத் தெரியாதேடா."

கொஞ்ச நேரம் யோசித்தான். எழுந்து போய் ஹாக்கி மட்டையைப் பையில் வைத்தான். கிரிக்கெட் ஆசை உண்மையில் எனக்குத்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். சிரித்தார்.

உங்க வீட்டுல இந்த முடிவை யார் எடுக்கிறாங்க?