பூனைக்காலியும் இரவு ஷிப்டும்

நெய்வேலிச் சுரங்கங்களில் பக்கெட் வீல் இயந்திரங்களுக்கு இரவு பகல் கிடையாது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு உண்டு. இரவு ஷிப்ட் முடித்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் தொழிலாளியை வரவேற்பது குக்கர் விசிலும், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் பரபரப்பும், ஜன்னல் வழியே அடிக்கும் வெயிலும்தான். படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. நாள் போகப் போக எதிலும் ஒட்டாத ஒரு மந்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் போக்க ஒருவர் டீயைக் கூட்டுவார், இன்னொருவர் கைப்பேசியே கதி என்று கிடப்பார், வேறொருவர் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பூனைக்காலி விதைப்பொடி கேட்பார். 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கை அவருக்கு.

பூனைக்காலிக்கு வீரியம் உண்டு என்பது உண்மை. அதன் விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைத் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டார்கள். வேலை நடந்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில். அது மூளையில் என்ன செய்யும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்துப் பார்த்தார். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் ரத்த அழுத்த மருந்து அது. முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின.

நரம்புச் செய்திகளைக் கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை ஒரு மூலிகை மூளையில் வற்றச் செய்கிறது, இன்னொன்று நிரப்புகிறது. இரண்டும் இயற்கைதான். இரண்டும் மருந்துதான்! கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்-டோபா இன்றும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முதன்மை மருந்தாக இருக்கிறது.

மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் எல்-டோபாவின் அளவு திட்டமாக இருக்கும். அது மூளையைச் சேரும் முன்பே குடலிலும் ரத்தத்திலும் டோபமினாக மாறிவிடாமல் தடுக்க, கூடவே கார்பிடோபா சேர்த்திருப்பார்கள். விதைப்பொடியில் இந்தக் காவல் இல்லை. விதைக்கு விதை எல்-டோபாவின் அளவும் மாறும். குமட்டல் வரலாம், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம், அளவு மீறினால் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். டோபமினைத் தூண்டும் மருந்துகளால் சில பார்க்கின்சன் நோயாளிகளைச் சூதாட்ட வெறி பிடித்துக்கொண்டதும் மருத்துவ உலகம் அறிந்ததே. உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவரும் கனரக வாகனம் ஓட்டுபவரும் இந்தப் பொடியைத் தாமாக வாங்கிப் பாலில் கலந்து குடிப்பது விபரீதம்.

மந்தத்தின் வேர் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நோரா வோல்கவ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓர் இரவு கண்விழித்த ஆரோக்கியமானவர்களின் மூளையிலேயே டோபமினை ஏற்கும் டி2 வாங்கிகள் குறைந்து காணப்பட்டன. வாங்கிகள் குறைந்து நிற்கும் மூளையில் டோபமினை மேலும் கொட்டி என்ன பயன்? தூக்கம்தான் முதல் மருந்து. ஷிப்டின் பின்பாதியில் குடிக்கும் டீயும் அந்தத் தூக்கத்தைக் கெடுக்கும். உடலில் ஏறிய காஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது.

மந்தம் போக நடைப்பயிற்சியும் நல்லது. குடியிருப்பில் வட்டத்துக்கு வட்டம் மரநிழல் சாலைகள் இருக்கும் நெய்வேலிக்கு அது வரம். ஆனால் விடிய விடிய விழித்துவிட்டுச் சித்திரை வெயிலில் ஓட்டம் பிடிப்பது இதயத்துக்குச் சுமை. தூங்கி எழுந்து மாலையில் நடக்கலாம்.

இந்தத் தூக்கக் குறைவைத் தொழிலாளியின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது அநியாயம். ஷிப்ட் மாறும்போது பகல், மாலை, இரவு என்ற வரிசையில் மாற வேண்டும். தொடர்ந்து வரும் இரவுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். இது நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். தொழிலாளிக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் தூக்கத்தைப் பற்றியும், சாப்பிடும் நாட்டு மருந்துகளைப் பற்றியும் மருத்துவர் கேட்க வேண்டும். பூனைக்காலிப் பொடி விற்பவர் பாக்கெட்டின் மேல் எல்-டோபாவின் அளவையும், யார் சாப்பிடக் கூடாது என்பதையும் தமிழில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.